சுண்டுவிரலில் ஓர் எலும்பு குறைகிறதா?

தென்மாவட்ட நகரம் ஒன்றில், துணிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் 43 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இருபத்து மூன்று நாட்களுக்கு முன், இரு கைகளிலும் சேலைக் கட்டுடன் திரும்பியவரின் வலது கால் சுண்டுவிரல் இரும்பு ஏணியின் காலில் மோதியது. கடைக்குள் யாரும் செருப்பு அணியக் கூடாது என்பதால் வெறுங்கால். திருமண சீசன், இரவு ஒன்பது மணி வரை நின்றே வேலை பார்த்திருக்கிறார். வீடு திரும்பியபோது விரல் கறுத்து வீங்கியிருந்தது. மறுநாள் மாமியார் அழைத்துப்போன நாட்டுக்கட்டு வைத்தியர், முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, ஐந்து விரல்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். வாரம் ஒருமுறை கட்டு மாற்றுகிறார்கள். இரண்டாம் விரலில் மெட்டி இருக்கிறது. சுமங்கலி மெட்டியைக் கழற்றக் கூடாது என்று மாமியார் சொன்னதால் கட்டு அதன் மேலேயே போடப்பட்டிருக்கிறது.

வலி குறையாததால் 18ஆம் நாள் எக்ஸ்ரே எடுத்தார். அறிக்கையில் மூன்று செய்திகள். சுண்டுவிரலின் அடி எலும்பில், இடம் விலகாத முறிவு. அதே விரலில் மூன்று எலும்புகளுக்குப் பதில் இரண்டு. பெருவிரலுக்கு அடியிலுள்ள சிறு எலும்பு ஒன்று இரண்டு பகுதிகளாக இருக்கிறது. மருந்துக்கடை நடத்தும் உறவினர் இதைப் படித்துவிட்டு, "ஓர் எலும்பு நொறுங்கிக் கரைந்துவிட்டது, இன்னொன்று இரண்டாக உடைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் பிறகு நடக்கவே முடியாது" என்று சொல்லியிருக்கிறார். கடை மேலாளரோ, "சுண்டுவிரல்தானே, வந்து நில்லுங்கள், இல்லையென்றால் சம்பளம் கிடையாது" என்கிறார். இப்போது குதிகாலிலும் கெண்டைக்காலிலும் வலி. எலும்பு உண்மையிலேயே காணாமல் போய்விட்டதா, ஆபரேஷனுக்குத் தாலிச்சங்கிலியை அடகு வைக்கலாமா, வேலையை விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி: "ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. பாதம் ராத்திரியில் பஞ்சை மிதிப்பது போல இருக்கும். அது வேறு விஷயம்."

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த இரண்டு எலும்புச் செய்திகளும், நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால், பிறவியிலேயே அமைந்தவை. அவற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "வேறு விஷயம்" என்று ஓரத்தில் எழுதினீர்களே, அந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கும் முன்னால், இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்கும் முன்பே நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

இன்றே மெட்டியைக் கழற்றுங்கள்

வீங்கிய காலில் மெட்டி இருப்பது, தண்டில் கம்பி கட்டிய செடி வளர்வதைப் போன்றது. செடி பருக்கும், கம்பி பருக்காது. விரலின் இரு பக்கங்களிலும் ஓடும் இரத்தக் குழாய்கள் நூலளவுதான். முதலில், இரத்தம் திரும்பிச் செல்லும் வழி அடைபடும். அதனால் வீக்கம் கூடும். கூடிய வீக்கத்தில் மெட்டி இன்னும் புதையும். அடிபட்டது சுண்டுவிரல்தானே, மெட்டி இருப்பது இரண்டாம் விரல் அல்லவா என்று கேட்காதீர்கள். பாதத்தின் வீக்கம் விரல் பார்த்து நிற்பதில்லை.

பெரும்பாலான வெள்ளி மெட்டிகள் முழு வளையமாக இருப்பதில்லை, அடிப்பக்கம் திறந்திருக்கும். கட்டு மெட்டியின் மேல் இருப்பதால் முதலில் அதை அவிழ்த்துவிட்டு (எப்படி என்று கீழே சொல்கிறேன்), காலை இரண்டு தலையணை உயரத்தில் கால் மணி நேரம் வைத்திருந்து, சோப்பு நீர் தடவி, திறந்த முனைகளை வீட்டில் ஒருவரை விட்டு மெல்ல விரிக்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் இழுத்துப் போராட வேண்டாம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனால் வெட்டி எடுத்துவிடுவார்கள். விரல் மரத்திருக்கும்போது தோல் கிழிவதுகூட உங்களுக்குத் தெரியாது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்கள் மாமியாரிடம் என் சார்பில் சொல்லுங்கள்: அம்மா, மெட்டியைச் சாமி படத்தின் முன் வையுங்கள், கால் ஆறியதும் நீங்களே உங்கள் கையால் மருமகளுக்குப் போட்டுவிடுங்கள். மெட்டி புதைந்து விரல் கறுத்தபின் வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட மெட்டி வேண்டாம் என்று நினைத்தவர் அல்லர். கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லாததால் வந்தவர்கள்.

அடுத்தது கட்டு. நாட்டுக்கட்டு வைத்தியர்கள் எல்லாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கை நேர்த்தி உள்ளவர்கள் அவர்களில் உண்டு. முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் சேரும் என்ற அவர்களின் அடிப்படைப் புரிதலும் சரியானதே. ஆனால் உளுந்து மாவு காய்ந்தால் கல் போல இறுகும். உள்ளே வீக்கம் கூடினாலும் அது இடம் தராது. ஐந்து விரல்களையும் சேர்த்துக் கட்டினால் விரலிடுக்கில் வியர்வை தங்கித் தோல் ஊறி வெளுக்கும். சர்க்கரை உள்ளவருக்கு அந்த வெளுத்த இடுக்குதான் கிருமி நுழையும் வாசல். கட்டைப் பிய்த்து எடுக்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்து அவிழ்க்கச் சொல்லுங்கள். நீரின் சூட்டை உங்கள் காலால் சோதிக்க வேண்டாம், வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். பாதத்தின் அடிப்பகுதிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

விரல் நீலமாகவோ கறுப்பாகவோ சில்லென்று இருந்தாலும், புண், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தாலும், நாளைக் காலை வரை பொறுக்காமல் இன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். இடது காலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

காணாமல் போகாத எலும்பு

மெட்டி கழன்றிருக்கும் என்று நம்பி எலும்புக்கு வருகிறேன்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். கணுக்காலை ஒட்டி 7, நடுவில் நீளமாக 5, விரல்களில் 14. பெருவிரலுக்கு இரண்டு, மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று. கையிலும் இதே கணக்குதான்: கட்டைவிரலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு மூன்று. அளவில்தான் வேறுபாடு. கைவிரலின் நடு எலும்பு நீண்டு மெலிந்திருக்கும். கால் சுண்டுவிரலின் நடு எலும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தால், பெரிய துவரம்பருப்பு ஒன்று என்று நினைக்கத் தோன்றும்.

இந்தப் பருப்பளவு எலும்பில்தான் இயற்கை ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறது. ஏராளமானோருக்குச் சுண்டுவிரலின் நடு எலும்பும் நுனி எலும்பும் தனித்தனியாகப் பிரிவதே இல்லை. தாயின் வயிற்றிலேயே ஒரே எலும்பாக அமைந்துவிடுகின்றன. அப்படிப்பட்டவர்களின் எக்ஸ்ரேயில் சுண்டுவிரலில் இரண்டு எலும்புகள்தான் தெரியும். ஐரோப்பியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படி இருக்கிறது. ஜப்பானியர்களில் பெரும்பான்மையோருக்கே இரண்டுதான். குறை என்று அதைச் சொல்வது கூடத் தவறு. விரலின் நீளமும் வேலையும் மாறுவதில்லை, மடங்கும் மூட்டு ஒன்று இல்லை என்பதோடு சரி.

உங்கள் உறவினர் நினைத்தது போல, முறிந்த எலும்பு மூன்று வாரத்தில் "கரைந்து" தடமின்றி மறைவதில்லை. கிருமித் தொற்றால் எலும்பு அரிக்கப்படுவது உண்டு. ஆனால் அப்போது விரல் சிவந்து சூடாகிச் சீழ் பிடித்திருக்கும், எக்ஸ்ரேயிலும் ஓரங்கள் எலி கொறித்தது போலத் தெரியும், அறிக்கையில் அதை எழுதாமல் விடமாட்டார்கள். நம்பிக்கை வரவில்லையென்றால் இடது காலுக்கும் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அங்கும் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக இந்தப் பாதங்களோடுதான் நடந்திருக்கிறீர்கள்.

எள் அளவு என்று பெயர், வேலை மலையளவு

இரண்டாவது செய்தி பெருவிரலுக்கு அடியில் இருப்பது. நான் சொன்ன 26 எலும்புகளின் கணக்கில் அது வராது. பெருவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில், அடிப்பாகத்தில், ஒவ்வொரு காலிலும் இரண்டு சிறு எலும்புகள் தசைநாணுக்குள் புதைந்திருக்கின்றன. செசமாய்டு என்று மருத்துவத்தில் சொல்கிறோம். எள்ளைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். எள்ளெலும்பு என்று நாம் தாராளமாகச் சொல்லலாம், உண்மையில் பட்டாணி அளவு இருந்தாலும்.

முழங்கால் சில்லு என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைத்தான் இவையும் செய்கின்றன. தசைநாண் எலும்பின் மேல் உராயாமல் இவற்றின் மேல் வழுக்கிப் போகிறது, பெருவிரலைக் கீழே அழுத்தும் விசையும் கூடுகிறது. நீங்கள் மேல் தட்டிலிருந்து சேலை எடுக்க எக்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையின் பெரும்பங்கு இந்த இரண்டு பட்டாணிகளின் மேல்தான் இறங்குகிறது.

குழந்தைப் பருவத்தில் இவை குருத்தெலும்பாக இருந்து, பள்ளிப் பருவத்தின் நடுவில்தான் எலும்பாகின்றன. சிலருக்கு அந்த மாற்றம் ஒரே இடத்தில் தொடங்காமல் இரண்டு இடங்களில் தொடங்கும். இரண்டும் கடைசி வரை ஒட்டாமலே நின்றுவிட்டால், எக்ஸ்ரேயில் இரண்டு துண்டுகள். இது அரிதானதும் அன்று. பாதத்தின் உள்பக்கத்து எள்ளெலும்பில்தான் அதிகம் காண்கிறோம். உங்களுடையதும் அதுவே.

அப்படியானால் பிறவிப் பிரிவையும் உடைந்த துண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஆற்றங்கரைக் கூழாங்கற்கள் இரண்டை அருகருகே வைத்தால் எப்படி இருக்கும், ஒரு கல்லைச் சுத்தியலால் இரண்டாக்கினால் எப்படி இருக்கும்? பிறவிப் பிரிவின் ஓரங்கள் வழவழப்பாக, சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டது போல இருக்கும். இரண்டு பகுதிகளையும் சேர்த்தால் சாதாரண எள்ளெலும்பைவிடப் பெரிதாக வரும். முறிவின் ஓரம் கூர்மையாகப் பல்லுப் பல்லாக இருக்கும், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும். எக்ஸ்ரேயைவிட நல்ல சாட்சி உங்கள் காலிலேயே இருக்கிறது. பெருவிரலை மேல்நோக்கி மடக்கி, அதன் அடிமேட்டை வேறொருவரைக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். கடிதத்தில் அந்த இடத்தில் வலி என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. உங்கள் விரல்கள் மரத்திருப்பதால் இந்தச் சாட்சியை மட்டுமே நம்பவும் மாட்டேன். மருத்துவர் ஒருவர் படத்தையும் காலையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஆபரேஷன் என்ற பேச்சு, எள்ளெலும்பு உண்மையாகவே முறிந்து பல மாதச் சிகிச்சைக்குப் பிறகும் வலி அடங்காதபோது வருவது. அதிலும் எடுத்து எறிவதற்கு நாங்கள் தயங்குவோம். இரண்டையும் எடுத்தால் பெருவிரல் வளைந்து கோணிப்போகும்.

குதிகால் ஏன் வலிக்கிறது?

முறிந்தது சுண்டுவிரல், வலிப்பது குதிகால். இதை நீங்கள் வியப்பாக எழுதியிருக்கிறீர்கள். இடது காலை வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, கையால் பெருவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். பாதத்தின் உள்வளைவு தானாக எழும்புவதைப் பார்ப்பீர்கள்.

குதிகால் எலும்பிலிருந்து புறப்படும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்கால் முழுதும் ஓடி, ஐந்து விரல்களின் அடி எலும்புகளிலும் போய்ப் பிணைகிறது. விரல்கள் மேலே மடங்கும்போது இந்தப் பட்டை, கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் சுற்றிக்கொள்வது போல, நீள எலும்புகளின் தலையில் சுற்றி இழுபடுகிறது. வளைவு உயர்கிறது. தொளதொளவென்றிருந்த பாதம், உடலை முன்னே தள்ளக்கூடிய உறுதியான நெம்புகோலாகிறது. இந்த இயக்கத்தை 1954இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தெளிவாக விளக்கினார். விரல் எலும்புகள் என்பவை பாதத்தின் நுனியில் ஒட்டிய அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிணற்றில் நீர் இறைக்க ராட்டினத்தின் கைப்பிடி எவ்வளவு தேவையோ, நடைக்கு விரல் எலும்புகள் அவ்வளவு தேவை. சாதாரண நடையில் பெருவிரல் மூட்டு சுமார் 60 பாகை மேல்நோக்கி மடங்க வேண்டும்.

உங்கள் கட்டு ஐந்து விரல்களையும் மடங்கவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. ராட்டினம் சுற்றவில்லை. மூன்று வாரமாகக் குதிகாலை ஊன்றி, பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து, காலை இழுத்து இழுத்து வைத்திருக்கிறீர்கள். குதிகாலும் கெண்டைக்காலும் அந்தப் பாரத்தைச் சுமந்ததன் வலி இது. கட்டை அவிழ்த்து விரல்களுக்கு அசைவு கிடைத்தால் சில வாரங்களில் குறையும்.

இதை ஒட்டி ஒன்றைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எலும்பு மேடு ஒன்று கைக்குத் தட்டுப்படும். சுண்டுவிரலோடு சேர்ந்த நீள எலும்பின் அடி அது. அங்கே அழுத்தினால் சுரீரென்று வலித்தால் மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள். அதற்குச் சற்று முன்னால் ஏற்படும் முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற எலும்பு மருத்துவர், நடனமாடும்போது தம் காலிலேயே ஏற்பட்ட இந்த முறிவைப் பற்றி 1902இல் எழுதினார். இரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் அது எளிதில் சேராது. விரல் முறிவு என்று நினைத்து விட்டுவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

விரல் முறிவுக்குச் செய்ய வேண்டியது

இனி, உண்மையாகவே முறிந்த அந்த எலும்பு. சுண்டுவிரலின் அடி எலும்பு, கால்விரல் முறிவுகளில் நாங்கள் அன்றாடம் பார்ப்பது. இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொள்பவர்கள் எல்லாரும் இந்த எலும்பைத்தான் முறித்துக்கொண்டு வருகிறார்கள். இடம் விலகாத முறிவு நான்கு முதல் ஆறு வாரங்களில் சேர்ந்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் சில வாரங்கள் கூடலாம். வீக்கம் மட்டும் இரண்டு மூன்று மாதங்கள் வரை போக்கு காட்டும். அதைப் பார்த்து எலும்பு சேரவில்லை என்று பயப்படாதீர்கள். எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு வலி போன பிறகும் பல வாரங்கள் தெரியும், ஆகவே வாரம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். விரல் திரும்பிக்கொண்டு அடுத்த விரலின் மேல் ஏறினாலோ, நகம் மற்ற நகங்களின் திசையில் இல்லாமல் கோணினாலோ அது வேறு கதை, நேராக்க வேண்டியிருக்கும். பெருவிரல் முறிவு என்றாலும் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

வழக்கமான வைத்தியம் எளிமையானது. அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுவோம், நல்ல விரலே முறிவை அசையாமல் தாங்கும் சிம்பாகிவிடும். இரண்டு விரல்களுக்கும் நடுவே மெல்லிய பஞ்சு அல்லது துணி வைத்து, மருத்துவ ஒட்டுப்பட்டையைத் தளர்வாகச் சுற்றி, நக நுனி வெளியே தெரியும்படி விட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறையோ நனைந்த உடனேயோ மாற்ற வேண்டும். உங்கள் விஷயத்தில், தோலின் நிலையைப் பார்க்காமல் ஒட்டச் சொல்லமாட்டேன். இடுக்கில் தோல் ஊறியிருந்தால் ஒட்டாமலே, விறைப்பான அடிப்பாகம் கொண்ட செருப்பை மட்டும் வைத்தே சமாளிக்கலாம்.

செருப்பு என்றால் ரப்பர் ஹவாய் செருப்பு ஆகாது. அது கழன்று போகாமலிருக்க, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் விரல்கள் குறுகிக் கவ்விப்பிடிக்கின்றன. முறிந்த எலும்பை ஒவ்வொரு அடிக்கும் அசைப்பதற்குச் சமம் அது. முன்பக்கம் அகலமாக, பின்னால் வார் உள்ளதாக, உள்ளே மென்மையாக, வெளிஅடி வளையாததாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் எம்.சி.ஆர். செருப்புகளில் வெளிஅடி உறுதியான வகையைக் கேட்டு வாங்குங்கள். கால்சியம் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; கேழ்வரகும் பாலும் மீனும் சாப்பிடுபவருக்கு, இந்த ஓர் எலும்புக்காக விலையுயர்ந்த மாத்திரை அவசியமில்லை. பெண்களுக்கு வைட்டமின் டி குறைவு நம் ஊரில் அதிகம் என்பதால் அதை மட்டும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம்.

"அது வேறு விஷயம்" என்றீர்கள்

அதே விஷயம்தான், சகோதரி. பஞ்சை மிதிப்பது போன்ற உணர்வு, ஆறு ஆண்டுச் சர்க்கரை, எலும்பு முறிந்த காலோடு இரவு ஒன்பது மணி வரை நிற்க முடிந்தது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். உங்கள் பொறுமையின் பெருமை அது என்று நீங்கள் நினைக்கலாம். பாதத்தின் நரம்புகள் உணர்வை இழக்கத் தொடங்கியதன் அடையாளம் என்று நான் அஞ்சுகிறேன்.

உணர்வு குறைந்த பாதத்தில் சிறு முறிவுக்குப் பிறகு அரிதாக ஒரு நிலை வருவதுண்டு. பாதம் முழுவதும் சிவந்து, மற்றக் காலைவிடத் தெளிவாகச் சூடாகி, வீங்கும். வலி மட்டும் வீக்கத்துக்கு ஏற்றபடி இராது. அதன் மேல் தொடர்ந்து நடந்தால், பாதத்தின் நடு எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி வளைவே தலைகீழாகிவிடும். சார்கோ பாதம் என்பார்கள். உங்களுக்கு அது வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தினமும் இரண்டு புறங்கால்களையும் தொட்டுப் பார்த்து, வலதுகால் சூடு அதிகமா என்று உங்கள் பெண்ணையோ கணவரையோ சொல்லச் சொல்லுங்கள். சூடு அதிகம் என்றால் அன்றிலிருந்து அந்தக் காலை ஊன்றாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது சர்க்கரைப் பிரிவிலும் எலும்புப் பிரிவிலும் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். பாதத்தில் நாடி பார்ப்பார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை அளப்பார்கள். கால் மணி நேர வேலை. ஆறு ஆண்டுகளில் யாராவது உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வீர்கள் என நினைக்கிறேன். அதற்கு எங்கள் தரப்பிலும் பொறுப்பு இருக்கிறது.

சம்பளமும் நாற்காலியும்

வேலையை விட வேண்டாம். ஆனால் குறைந்தது இன்னும் மூன்று வாரமாவது, வெறுங்காலோடு நாள் முழுதும் நிற்கும் வேலைக்குத் திரும்பவும் வேண்டாம். நான் வழக்கறிஞன் அல்லன். என் நோயாளிகளுக்குச் சான்றிதழ் எழுதி எழுதித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இது வேலை நேரத்தில், வேலையிடத்தில் ஏற்பட்ட காயம். சாதாரண நோய்க்குத் தரும் 70 சதவீத உதவியைவிட இதற்கு உரிமை அதிகம்: வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தற்காலிக இயலாமைப் பலனாக, சம்பளத்தில் சுமார் 90 சதவீதம். இதற்குக் காயம் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டு, விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால், தேதி, நேரம், ஏணி, பக்கத்தில் இருந்த சகஊழியர் பெயர் எல்லாவற்றையும் எழுதி இப்போதே கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிச் சான்று பெறுங்கள். உங்கள் உறவினரும் மேலாளரும் சொன்ன வாய்வார்த்தைகளைவிட அந்த ஒரு தாள் மதிப்புள்ளது.

நாற்காலி கேட்க நீங்கள் தயங்குவது புரிகிறது. கேட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்களோ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு கடையிலும் ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தத் திருத்தத்தின் ஆங்கில வாசகத்திலேயே கால்விரல் வருகிறது: வேலை நேரம் முழுவதும் கால்விரல்களின் மேலேயே நிற்கும் நிலையைத் தவிர்க்க என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மேலாளரிடம் சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. திரும்பும் நாளில் மருத்துவரின் கடிதத்தோடு போங்கள். அந்தக் கடிதத்தில் இரண்டே வரிகள் போதும்: கடைக்குள் மட்டும் அணியச் சுத்தமான, விறைப்பான அடியுள்ள காலணிக்கு அனுமதி; மணிக்கு ஒருமுறை உட்கார இடம். மறுத்தால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். உங்கள் பிரிவில் நிற்கும் மற்றப் பெண்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் தனியாக உங்களை நோக்கி யாரும் விரல் நீட்ட முடியாது.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் எக்ஸ்ரே படத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போனால் மருத்துவரால் எள்ளெலும்பின் ஓரத்தைப் பார்க்க முடியாது. மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்து, சுண்டுவிரலில் எலும்பு எத்தனை என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.